ஊசி மாற்றத் தெரிந்த ஊரில்

பழைய காரைப் பற்றித் திருப்பூரில் ஒரு தீர்ப்பு நெடுநாளாகப் புழங்குகிறது. பத்து வருஷம் தாண்டிவிட்டால், அல்லது மீட்டர் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தொட்டுவிட்டால், அந்த வண்டியை நம்பி இனி வெளியூர் போக முடியாது. விலை இருக்கும்போதே தள்ளிவிட வேண்டும். ஷோரூமில் விற்பவரும் இதையே சொல்கிறார், பல்லடம் ரோட்டில் பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங்காரரும் இதையே சொல்கிறார், வீட்டில் மச்சினனும் மாப்பிள்ளையும் இதையே சொல்கிறார்கள். இவர்களில் முதல் இருவருக்கும் இந்தத் தீர்ப்பால் வரும்படி உண்டு என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நான் இதை மறுக்கிறேன். எல்லாக் காருக்குமாக வாதாடவில்லை. 1990களின் கடைசியிலிருந்து 2010களின் நடுவரை இங்கே விற்ற சாதாரணக் குடும்ப செடான் கார்கள், அதாவது டிக்கி வைத்த நாலு கதவு வண்டிகள், அவற்றிலும் பெட்ரோலில் ஓடுபவை, கியரைக் கையால் மாற்றுபவை: எஸ்டீம், ஹோண்டா சிட்டி, ஆக்சென்ட், கரோலா, எஸ்எக்ஸ்4, வெர்னா, டிசையர், எட்டியாஸ். விலை உயர்ந்த ஜெர்மன் கார்கள் பழசானால் என்ன ஆகும் என்பது வேறு கதை. கொஞ்சம் சோகமான கதையும்கூட.

இந்தத் தீர்ப்பு வேறு எந்த ஊரில் நிலவினாலும் இவ்வளவு வியப்பு இராது. திருப்பூர் இயந்திரம் தெரிந்த ஊர். ஒரு நிட்டிங் யூனிட்டுக்குள் நுழைந்து ஓடிக்கொண்டிருக்கும் சர்க்குலர் மிஷினுக்கு என்ன வயது என்று கேட்டால் பதில் சொல்லத் தடுமாறுவார்கள். அங்கே மிஷினின் யோக்கியதையைச் சொல்வது கீழே சுருண்டு இறங்கும் துணி. 30 டயா, 24 கேஜ் மிஷின் ஒன்றில் வட்டமாக 2,200க்கும் மேற்பட்ட ஊசிகள் நிற்கின்றன. துணியில் நீளவாக்கில் ஒரு கோடு விழுந்தால் எந்த ஊசி தேய்ந்தது, எதன் கொக்கி வளைந்தது என்று தேடி, அதை உருவி எறிந்துவிட்டுப் புதியதைச் செருகுகிறார்கள். இன்னும் கொஞ்ச காலம் போனால் செட்டையே மாற்றுகிறார்கள். சிங்கர், கேம் போன்ற மற்ற பாகங்களும் அப்படியே. ஒரு ஊசி தேய்ந்ததற்காக மிஷினையே தள்ளிவிடச் சொல்லும் ஃபிட்டரை எந்த முதலாளியும் மறுநாள் வேலைக்கு வைத்திருக்க மாட்டார். வெளிநாட்டு ஆலைகள் ஓட்டி முடித்து ஒதுக்கிய மிஷின்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, பிரித்துத் துடைத்துப் பூட்டி, அதில் ஏற்றுமதித் துணி ஓட்டிக் காட்டித்தான் இந்த ஊர் வளர்ந்தது. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இங்கிருந்து போகிறதென்றால் அதில் அந்தப் பழைய இரும்புக்கும் பங்கு உண்டு.

அதே முதலாளி வெளியே வந்து காரில் ஏறியதும் இந்த அறிவை எல்லாம் செருப்போடு கழற்றி வைத்துவிடுகிறார். வருமான வரிக் கணக்கில் பொது இயந்திரங்களுக்கும் வாடகைக்கு ஓட்டாத கம்பெனிக் காருக்கும் தேய்மான விகிதம் ஒன்றுதான், ஆண்டுக்கு 15 சதவீதம். 10 லட்சத்துக்கு வாங்கியது எதுவானாலும் ஐந்தாண்டு முடிவில் ஏட்டில் 4.44 லட்சமாகவும், பத்தாண்டு முடிவில் 2 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகவும் இறங்கிவிடும். மிஷின் விஷயத்தில் அந்த எண் ஆடிட்டருக்கான எண், துணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். காருக்கு மட்டும் ஏட்டு விலை இறங்க இறங்க இன்ஜினும் கூடவே இறங்குவதாக ஒரு நம்பிக்கை.

இந்த நம்பிக்கை வானத்திலிருந்து விழவில்லை. அதற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. இன்று காரைப் பற்றித் தீர்ப்பு சொல்லும் பெரியவர்கள் அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் ஓட்டக் கற்றவர்கள். அம்பாசிடர், 1950களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைத் தழுவிப் பிறந்து, 2014 மே மாதம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் உற்பத்தி நிற்கும்வரை அடிப்படை உருவம் மாறாமல் வந்த வண்டி. அந்தத் தலைமுறைக் கார்களில் கார்புரேட்டர் இருந்தது, அது அடைத்துக்கொள்ளும். பற்றவைப்புக்குச் சி.பி பாயிண்ட் இருந்தது, அது கருகும். இடைவெளியை அடிக்கடி சரிசெய்ய வேண்டும். ஆங்காங்கே கிரீஸ் அடிக்க நிப்பிள்கள் இருந்தன. பெட்ரோலில் ஈயம் இருந்தது. இன்ஜின் ஆயில் குடிக்க ஆரம்பித்தால், சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் ரீபோர் என்ற சொல் வீட்டுக்குள் வரும். அதன் செலவு அந்த மாத பட்ஜெட்டைப் புரட்டிப் போடும். அக்காலத்து மீட்டர்கள் பலவற்றில் ஐந்து இலக்கங்களே இருந்தன. 99,999க்குப் பிறகு வண்டி மறுபடி பூஜ்யத்துக்குப் போகும். ஒரு லட்சம் என்ற எண்ணுக்கு இன்றைக்கும் இருக்கும் பயத்தில் பாதி அந்த மீட்டரிலிருந்து வந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

2000-ஐ ஒட்டி இந்த அடித்தளம் மொத்தமாக மாறியது. அந்த ஆண்டு பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. ஏப்ரலில் இந்தியா 2000 என்ற புகை விதி வந்தது. அதோடு கார்புரேட்டர் ஒதுங்கியது, எரிபொருளை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்ஷன் அமைப்பு வந்தது, பாயிண்ட் போய் மின்னணுப் பற்றவைப்பு வந்தது. கலவை சரியாக எரிவதால் சிலிண்டர் சுவரில் பெட்ரோல் வழிந்து ஆயிலைக் கழுவுவது குறைந்தது, ஆயிலும் மேம்பட்டது. ரீபோர் என்ற சொல்லே இந்தக் கார்களின் சர்வீஸ் பேச்சில் அரிதாகிவிட்டது. நோயும் போய் மருந்தும் மாறிய பிறகு பழைய பத்தியத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

பதினைந்து வயதான செடான் ஒன்றில் பதினைந்து வயதானவை எவை என்று எண்ணிப் பார்க்கலாம். பாடி, இன்ஜின் பிளாக், கிராங்க், கியர் பாக்ஸின் பற்சக்கரங்கள். இவை நெடுங்காலத்துக்கென வார்க்கப்பட்டவை; எண்ணெய் தவறாமல் மாறினால் இவற்றின் தேய்மானம் மிக மெதுவானது. நடுச்சாலையில் வண்டியை நிறுத்தக்கூடியவை வேறு பட்டியல்: பேட்டரி, டயர், ரேடியேட்டர் ஹோஸ், தெர்மோஸ்டாட், பெல்ட், ஃப்யூயல் பம்ப், ஆல்டர்னேட்டர், கிளட்ச். ஒழுங்காக ஓட்டப்பட்ட பழைய காரில் இவற்றில் எதற்கும் பதினைந்து வயது ஆகியிருக்காது. பேட்டரிக்கு மூன்று, டயருக்கு நான்கு, பெல்ட்டுக்கு இரண்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வயது. ‘வண்டிக்குப் பதினைந்து வயது’ என்பது ஆர்.சி புத்தகத்தின் வயது. சாலையில் நிற்பதும் நிற்காததும் அந்தச் சின்னப் பாகங்களின் வயதைப் பொறுத்தது.

இதற்கு இயந்திரவியலில் ஆதாரம் உண்டு. 1978-ல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த ஸ்டான்லி நௌலன், ஹோவர்ட் ஹீப் இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ஓர் அறிக்கை எழுதினார்கள். விமானப் பாகங்கள் எப்போது பழுதாகின்றன என்று பார்த்ததில், வயது ஏற ஏறப் பழுது ஏறும் என்ற வழக்கமான எண்ணம் 11 சதவீதப் பாகங்களுக்கே பொருந்தியது. மீதி 89 சதவீதத்தில், இத்தனை மணி நேரம் ஓடியதும் கழற்றிவிடு என்று வயது வரம்பு வைப்பதால் பலனில்லை. அதிலும் 68 சதவீதப் பாகங்கள் புதிதாகப் பூட்டியவுடன்தான் அதிகம் பழுதாயின; அந்தக் கட்டத்தைத் தாண்டியவை அமைதியாக ஓடின. உலக விமானப் பராமரிப்பின் சிந்தனையே இதற்குப் பிறகு மாறியது. காரை விமானத்தோடு ஒப்பிடலாமா என்று கேட்பது நியாயம். காரில் ரப்பரும் உராய்வுப் பாகங்களும் அதிகம். வயதால் தேய்பவற்றின் பங்கு 11 சதவீதத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் எவை வயதால் தேய்கின்றன என்பது தெரிந்த பட்டியல், அவை எல்லாம் கழற்றி மாற்றக்கூடியவை, விலையும் கையைக் கடிக்காது. ஊசியைப் போல.

எதிர்த்தரப்பின் பலமான சான்றையும் நானே எடுத்து வைக்கிறேன். ஜெர்மனியின் வாகனச் சங்கமான ஏ.டி.ஏ.சி ஆண்டுதோறும் சாலையில் நின்றுபோன வண்டிகளின் கணக்கை வெளியிடுகிறது. அதில் கார்களின் வயது கூடக் கூட உதவி கேட்டு வரும் அழைப்பும் கூடுகிறது. மறுப்பதற்கில்லை. ஆனால் அதே கணக்கில் அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: அண்மை ஆண்டுகளில் மொத்த அழைப்புகளில் 40 சதவீதத்துக்கு மேல் பேட்டரியால் வந்தவை. பேட்டரி தீர்ந்ததற்காகக் காரை விற்பவர், சட்டையில் பொத்தான் விழுந்ததற்காகத் துணிக்கடைக்குப் போகிறவர். பழைய வண்டி அதிகம் நிற்பதற்கு ஒரு காரணம் அது பழையது என்பது. இன்னொரு காரணம், பழையது என்று ஆனபிறகு அதற்குச் செலவு செய்ய யாருக்கும் மனம் வருவதில்லை. விற்கப்போகிற வண்டிக்கு எதற்குப் புது பெல்ட் என்று இரண்டு வருஷம் தள்ளிப்போட்டு, அது அறுந்ததும் ‘சொன்னேனே’ என்பது சான்றாகாது. அமெரிக்காவில், எஸ் அண்ட் பி குளோபல் மொபிலிட்டியின் 2024 கணக்குப்படி, சாலையில் ஓடும் கார், வேன், சிறு டிரக்குகளின் சராசரி வயதே 12.6 ஆண்டு. பனிக்கு உப்புக் கொட்டிப் பாடியை அரிக்கவைக்கும் சாலைகளும் அங்கே ஏராளம். கொங்கு நாட்டின் வறண்ட காற்றில் துரு நமக்குப் பெரிய எதிரியே இல்லை.

நம் எதிரி தண்ணீர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைச் சொல்லும் டி.டி.எஸ் என்ற மூன்றெழுத்தைத் திருப்பூரில் பள்ளிப் பிள்ளைகூட அறியும். சாயப்பட்டறைக்குத் தண்ணீர் லாரி வந்தால் மீட்டரை முக்கி அளந்து பார்க்காமல் இறக்க மாட்டார்கள். பாய்லருக்குப் போகும் தண்ணீரை மென்மையாக்காமல் விட்டால் குழாய்க்குள் சுண்ணாம்புப் படிவு கட்டி வெடிக்கும் என்பது ஃபயர்மேனுக்குப் பாடம். அப்படிப்பட்ட ஊரில் கார் சூடாகிறது என்றதும், வாட்ச்மேன் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துவந்து ரேடியேட்டரில் ஊற்றுகிறார். உப்பு மிகுந்த அந்தத் தண்ணீர் கூலண்டை நீர்க்கச் செய்து, அரிப்பைத் தடுக்கும் மருந்தை வலுவிழக்க வைத்து, அலுமினிய ரேடியேட்டரையும் இன்ஜின் தலையில் ஓடும் நீர்ப்பாதைகளையும் மெல்ல மெல்லத் தின்கிறது. படிவு படிந்த பாதையில் சூடு இறங்காது. ஒரு கோடையில், அவிநாசி சிக்னலில் ஏசி ஓடியபடி நிற்கையில், ஊசிமுள் சிவப்பைத் தொடும், ஹெட் கேஸ்கெட் போகும், தலை வளையும். ‘பத்து வருஷத்து வண்டி, இன்ஜின் போச்சு’ என்று தெருவே சொல்லும். போனது வயதால் இல்லை, முந்நூறு ரூபாய்க் கூலண்டுக்குப் பதில் ஓசித் தண்ணீர் ஊற்றியதால். பாய்லருக்குக் காட்டும் மரியாதையில் நாலில் ஒரு பங்கைக் காருக்குக் காட்டியிருந்தால் இந்தத் தீர்ப்பே பிறந்திருக்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெடுவதும், டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின்களில் அதன் கெடு தேதி மறக்கப்படுவதும், டயரின் பக்கச் சுவரில் வாரமும் ஆண்டுமாக நாலு இலக்கத்தில் அச்சடித்திருக்கும் பிறந்த தேதியை யாரும் குனிந்து படிக்காததும் இதே ரகம்.

ஓடும் ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் மஞ்சள் போர்டைப் பார்க்கலாம். டிசையரும் எட்டியாஸும் வாடகை வண்டியாக மூன்று லட்சம், நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடுவது தமிழ்நாட்டில் எந்த டிராவல்ஸ்காரருக்கும் செய்தியே கிடையாது. அதே வண்டி, அதே இன்ஜின், வெள்ளை போர்டில் வீட்டு வாசலில் நின்றால் ஒரு லட்சத்தில் கிழவனாகிவிடுகிறது. நெடுந்தூரம் ஒரே சீராக ஓடுவது இன்ஜினுக்கு நல்லது. பங்களாவிலிருந்து கம்பெனிக்கு மூன்று கிலோமீட்டர், மறுபடி மூன்று கிலோமீட்டர் என்று சூடேறும் முன்பே அணைக்கப்படும் வாழ்க்கைதான் கடினமானது என்பதையும் கூட்டிச் சொல்ல வேண்டும். எனவே மீட்டரில் குறைவாக ஓடிய பழைய வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதும் என் வாதத்தில் சேராது.

நம்பகம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. இந்த விவாதத்தில் இரண்டும் குழம்பிக் கிடக்கின்றன. ஒன்று, வண்டி நிற்காமல் இருப்பது. மற்றது, நின்றால் கிளப்ப முடிவது. யாழ்ப்பாணத்தார் இரண்டாவது வகையை உலகுக்குக் காட்டியவர்கள். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் பெட்ரோல் அரிதானபோது, ஆஸ்டின் ஏ40, மோரிஸ் மைனர் போன்ற அறுபதுக்கு முந்தைய பிரிட்டிஷ் கார்களைச் சில துளிப் பெட்ரோலில் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, ஆண்டுக்கணக்கில் ஓட்டினார்கள். அவை நிற்காத வண்டிகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நின்றால் கிளப்பத் தெரிந்த கைகள் பக்கத்திலேயே இருந்தன, அவ்வளவுதான். மிகப் புதிய கார்கள் இதற்கு நேர் எதிர்: எளிதில் நிற்காது, நின்றால் கம்பெனியின் கணினி வராமல் அசையாது. நான் சொல்லும் 1990களின் கடைசிக்கும் 2010களின் நடுவுக்கும் இடைப்பட்ட செடான்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் அபூர்வமான ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இன்ஜெக்ஷன் வந்துவிட்டதால் நிற்பது குறைவு. மின்னணு இன்னும் முற்றாததால், காங்கயம் ரோட்டுப் பட்டறையில் ஒரு சாதாரண ஸ்கேனரும் பொறுமையும் உள்ள மெக்கானிக் போதும்.

புதியது என்பதற்காகவே எதையும் நம்பிவிட முடியாது என்பதற்கும் ஓர் உதாரணம். இரட்டைக் கிளட்ச் கொண்ட பவர்ஷிஃப்ட் தானியங்கி கியர் பெட்டி ஃபோர்டின் புதுமையாக வந்தது. 2011 முதல் 2015 வரை விற்ற அந்தக் கார்களைப் பற்றி ஆஸ்திரேலியாவில் குவிந்த புகார்களை நிறுவனம் கையாண்ட விதத்துக்காக, அந்நாட்டு நீதிமன்றம் 2018-ல் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. புகார் சொன்னவர்கள் யாரும் பழைய கார் வைத்திருந்தவர்கள் அல்லர்.

ஃபோர்டு பெயரை எடுத்ததும் உதிரிப்பாகக் கேள்வி வரும், வரட்டும். மறைமலைநகரில் ஐகானும் ஃபியஸ்டாவும் பிறந்த அந்த ஆலை, 2021 செப்டம்பர் அறிவிப்புக்குப் பிறகு 2022-ல் கார் தயாரிப்பை நிறுத்தியது. கம்பெனியே போய்விட்டால் பாகத்துக்கு எங்கே போவது? இந்த எதிர்ப்பில் பாதி உண்மை இருக்கிறது. குறைவாக விற்ற வண்டி, நாட்டை விட்டுப் போன கம்பெனி, தானியங்கி கியர் பெட்டி என்று மூன்றும் சேர்ந்தால் நானும் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் இது குலத்தைப் பற்றிய எதிர்ப்பு, வயதைப் பற்றியதில்லை. ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜின் மாருதி, டாட்டா, ஃபியட் என்று இத்தனை கம்பெனிகளின் பானட்டுக்கு அடியில் இருந்ததால் அதற்குத் தேசிய இன்ஜின் என்றே கேலிப்பெயர் விழுந்தது. 2020-ல் மாருதி அதைக் கைவிட்ட பிறகும் பாகத்துக்குப் பஞ்சமில்லை. எத்தனை வண்டி விற்றதோ அத்தனை பாகம் கிடைக்கும். லட்சக்கணக்கில் ஓடும் டிசையருக்கு உதிரி தேடிச் சென்னைப் புதுப்பேட்டைவரை யாரும் போக வேண்டியதில்லை.

அடுத்தது சட்டம். ‘பதினைந்து வருஷம் ஆனால் வண்டி கேன்சல்’ என்று படித்தவர்களே பேசுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு சொந்தக் காரின் பதிவுக்குப் பதினைந்தாண்டு ஆயுள் கொடுத்து, தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டாக நீட்டவும் வழி செய்கிறது. திருப்பூர் வடக்கு, தெற்கு ஆர்.டி.ஓ அலுவலகங்களில் டி.என் 39, டி.என் 42 வண்டிகள் அப்படித்தான் புதுப்பிக்கப்படுகின்றன. கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இருபதாண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. சுமைதான், தடை இல்லை. வயதைப் பார்த்துத் தடுப்பது தில்லியின் ஏற்பாடு. அங்கேயே 2025 ஜூலையில் பழைய வண்டிக்கு எரிபொருள் தரக்கூடாது என்று தொடங்கிய திட்டம் சில நாட்களில் நிறுத்திவைக்கப்பட்டது.

புகை பற்றிய கவலை உண்மையானது, பழைய பி.எஸ்-2 புகை விதிப்படி வந்த கார் எவ்வளவு பேணினாலும் பி.எஸ்-6 காரின் சுத்தத்துக்கு வராது. பழைய டீசல் வண்டிகளுக்காக நான் வக்காலத்து வாங்கவும் இல்லை. ஆனால் மாசை எப்படி அளப்பது என்று திருப்பூருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை; விலை கொடுத்துக் கற்ற ஊர் இது. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயத்தில் மூழ்கிய பிறகு, 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மறுபடி திறக்க அனுமதி கிடைத்தது புதுப் பட்டறை, பழைய பட்டறை என்று பிரித்துப் பார்த்தல்ல. வெளியே கழிவுநீர் போகிறதா என்பதே கேள்வி. ஒரு சொட்டும் போகாமல் சுத்திகரிப்பவருக்கு வழி திறந்தது. குழாயின் முனையில் அளக்க வேண்டும் என்பது அங்கே ஏற்கப்பட்ட நியாயம். சைலன்சரும் ஒரு குழாய்தான்.

எத்தனால் வேறு விதமான எதிர்ப்பு, இதை நான் லேசாக எடுக்கவில்லை. பங்க்குகளில் இன்று வரும் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால். 2023க்கு முந்தைய கார்களின் ரப்பர்கள் அதற்கென வடிவமைக்கப்படாதவை. மைலேஜ் கொஞ்சம் குறையும், எரிபொருள் குழாயும் சீல்களும் சீக்கிரம் கெடலாம். பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் தந்த விளக்கத்தில், சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம், செலவு அதிகமில்லை என்றது. அரசு தன் கொள்கையைக் காக்கச் சொன்னது என்று வைத்துக்கொண்டாலும், மாற்றவேண்டிய பட்டியலில் இன்னும் ஒரு வரி சேர்கிறது. அதனால் பட்டியல் நீள்கிறது, வண்டி செத்துவிடவில்லை.

கௌரவம் என்ற எதிர்ப்பைப் பலரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் அதுவே ஓடுகிறது. நூல் கடனுக்கு வரும் ஊர் இது. கடன் கொடுப்பவர் ஆர்டர் புத்தகத்தைப் பார்க்க முடியாது. வாசலில் நிற்கும் காரைப் பார்க்க முடியும். பழைய காரில் வந்து இறங்கினால் ‘பார்ட்டி தளர்ந்துட்டாரு’ என்று காதர்பேட்டைவரை பேச்சுப் போகும். ஒப்புக்கொள்கிறேன், இது மெய்யான தொழில் செலவு. அப்படியானால் அதை விளம்பரச் செலவு என்று கணக்கெழுத வேண்டும். 10 லட்சத்தை 9 சதவீத வட்டிக்கு 60 தவணையில் வாங்கினால் மாதம் சுமார் 20,750 ரூபாய். ஐந்தாண்டில் வட்டி மட்டும் ஏறக்குறைய 2.45 லட்சம், ஆண்டுக்கு 49,000. பழைய காரின் கடந்த ஆண்டு ஒர்க்‌ஷாப் பில்களை எடுத்து இந்த ஒற்றை எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். விலை இறக்கம், கூடுதல் இன்சூரன்ஸ் எல்லாம் இன்னும் கூட்டவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஒரு பீஸுக்கு எத்தனை காசு மிச்சம் பிடிக்கலாம் என்று விடிய விடியக் கணக்குப் போட்ட ஊர், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலிருப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கடைசியாகப் பாதுகாப்பு. இங்கே நான் சண்டைக்கு நிற்கப்போவதில்லை. ஏ.பி.எஸ் 2019 முதலும், முன்பக்கம் இரண்டு ஏர்பேக் 2022 முதலும்தான் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமாயின. நான் வரிசைப்படுத்திய செடான்களில் பலவற்றின் அடிமட்ட மாடல்களில் இரண்டுமே இல்லை. சேலம்-கொச்சி நெடுஞ்சாலையில் தினமும் நூறில் போய் வருகிறவர், குழந்தைகளை ஏற்றிச் செல்கிறவர், அந்தக் காரணத்துக்காகக் காரை மாற்றினால் அது நியாயமான முடிவு. ஆனால் அவர் மாற்றுவது வண்டி நின்றுவிடும் என்பதற்காக இல்லை. மோதினால் காக்காது என்பதற்காக. அடுத்து என்ன செய்கிறார் என்று கவனிக்க வேண்டும். அந்தக் கார் உயிருக்கு ஆபத்து என்று மனமார நம்புகிறவர் அதைக் காயலான் கடைக்குத்தான் அனுப்ப வேண்டும். யாரும் அனுப்புவதில்லை. கன்சல்டிங்கில் நிறுத்தி, ‘சிங்கிள் ஓனர், கம்பெனி சர்வீஸ், இன்ஜின் பட்டு மாதிரி, இன்னும் பத்து வருஷம் கண்ணை மூடிட்டு ஓட்டலாம்’ என்று சொல்லி விலை பேசுகிறார்கள். குன்னத்தூரிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ வருகிறவர் அதை நம்பி வாங்கி, பத்து வருஷம் ஓட்டவும் செய்கிறார்.